சாகாத பிராணிகளின் பொருளாதாரம்: நியோபெட்ஸ் எப்படி இயங்குகிறது

கற்பனைப் பிராணிகளை வளர்க்கும் நியோபெட்ஸ் இணையதளத்தில் ஒரு பிராணியைத் தத்தெடுத்துவிட்டுப் பத்து ஆண்டுகள் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் அது சாகாது. பசி முற்றி 'சாகும் தறுவாயில்' என்ற நிலைக்கு இறங்கும், அதற்குக் கீழே படியே இல்லை. திரும்பி வந்து நாலு வாய் ஊட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்துவிடும். 1996 நவம்பரில் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட தமகோச்சிக்கு இந்தச் சலுகை கிடையாது. கவனிக்காமல் விட்டால் அது செத்துப்போகும். கையடக்கப் பொம்மைக்குள் சொந்தமாக ஒரு சில்லும் பேட்டரியும் இருந்ததால், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இணையதளத்துப் பிராணிக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. நீங்கள் பக்கத்தைத் திறக்காதவரை அது தரவுத்தளத்தில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆடம் பவல், டோனா வில்லியம்ஸ் என்ற இரண்டு பிரிட்டன்காரர்கள் 1999 நவம்பர் 15 அன்று நியோபெட்ஸைத் தொடங்கினார்கள். யோசனை, பவல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே உருவானது. 2000இல் டக் டோரிங் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். விளம்பரத்தைப் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டாமல், விளையாட்டாகவும் பொருளாகவும் உள்ளேயே கரைத்துவிடும் முறை அவர் காலத்தில் வேரூன்றியது. 2005இல் அமெரிக்க ஊடக நிறுவனமான வையாகாம் தளத்தை 16 கோடி டாலருக்கு வாங்கியது. பிராணிகளை வளர்ப்பது மட்டும்தான் இந்தத் தளம் என்றால் அந்த விலைக்குக் காரணம் புரியாது. மக்களைத் தினமும் வரவழைத்தது பிராணியைச் சுற்றி எழுந்த சந்தை.

பசியை எப்படிக் கணக்கிடுவது

பத்து லட்சம் பிராணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பசியையும் நிமிடத்துக்கு ஒருமுறை திருத்தி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 16,667 திருத்தங்கள் தரவுத்தளத்தில் விழும். அவற்றில் பெரும்பாலானவை யாருமே திறக்காத கணக்குகளுக்கு. அதனால் இவ்வகைத் தளங்களை எழுதுபவர்கள் பசியைத் தொடர்ந்து குறைப்பதில்லை. இரண்டே விவரங்களைச் சேமிக்கிறார்கள்: கடைசியாகக் கணக்கிட்டபோது வயிறு எந்தப் படியில் இருந்தது, அந்த நேரம் என்ன. பக்கம் திறக்கும்போது இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து, அத்தனை படி இறக்கிவிட்டால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கில் புதிதாக எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 6 மணி நேரத்துக்கு ஒரு படி இறங்கும் என்று விதி. 20 மணி நேரம் கழித்துப் பக்கம் திறக்கிறது. 3 படி இறங்க வேண்டும், 2 மணி நேரம் மிச்சம். இப்போது 'கடைசி நேரம்' என்ற இடத்தில் இந்த நொடியை எழுதிவிட்டால் அந்த 2 மணி நேரம் காணாமல் போகும். இதைவிட மோசம், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவரின் பிராணிக்குப் பசியே எடுக்காது. ஒவ்வொரு முறையும் 5ஐ 6ஆல் வகுத்து, பூஜ்யம் படி இறக்கி, கடிகாரத்தையும் புதிதாகத் தொடங்கிவிடுவோம். பழைய நேரத்தோடு 20 அல்ல, 18 மணி நேரத்தைக் கூட்டி எழுதுவதுதான் சரி. நேரம் எப்போதும் சர்வருடையதாக இருக்க வேண்டும். பயனரின் கணினிக் கடிகாரத்தை நம்பினால், அதை மாற்றி வைத்து விளையாடுவார்கள்.

நியோபெட்ஸுக்கென்று ஒரே கடிகாரம் உண்டு, அது அமெரிக்கப் பசிபிக் நேரம். டைரேனியா பீடபூமி என்ற கற்பனை இடத்தின் இலவச ஆம்லெட்டும் ஜெல்லி உலகின் ராட்சத ஜெல்லியும் அந்தக் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டினால் ஒரு நாளைக்கு ஒன்று என்று கிடைக்கும். ஆம்லெட்டை மூன்றில் ஒரு பங்காகத்தான் பிராணி தின்னும், அதனால் ஒன்று மூன்று முறைக்கு வரும். காசில்லாதவர்களும் பிராணியைப் பசியில்லாமல் வைத்துக்கொள்ள இதுவே போதும். நோய் தீர்க்கும் குணமளிக்கும் ஊற்றுக்கு மட்டும் 30 நிமிட இடைவெளி. ஆம்லெட்டுக்கு 'எடுத்ததிலிருந்து 24 மணி நேரம்' என்று வைத்தால், தினமும் சில நிமிடங்கள் தாமதமாகி, காலையில் எடுத்தவர் சில வாரங்களில் மதியம் எடுத்துக்கொண்டிருப்பார். நள்ளிரவு விதியில் அந்தச் சிக்கல் இல்லை. பதிலாக, 12 மணி அடித்ததும் கூட்டம் ஒரேயடியாக வந்து மோதும்.

புள்ளிகள் எங்கிருந்து பிறக்கின்றன

ஏரிக்கு வரத்துக்காலும் வேண்டும், வடிகாலும் வேண்டும்; தளத்தின் நாணயமான நியோபாயிண்ட் புள்ளிகளின் பொருளாதாரமும் அப்படித்தான். ஒருவர் இன்னொருவரிடம் பொருள் வாங்கும்போது புள்ளி கைமாறுகிறது, கூடுவதுமில்லை குறைவதுமில்லை. புதிய புள்ளியைப் பிறப்பிப்பது தளம் மட்டுமே.

முதல் வரத்து விளையாட்டுகள். பழைய ஃப்ளாஷ் (பிரௌசருக்குள் அசைபடங்களை ஓட்டிய மென்பொருள்) விளையாட்டுகளில் ஒவ்வொன்றிலும் நாளைக்கு மூன்று முறைதான் மதிப்பெண்ணை அனுப்ப முடியும், ஒரு முறைக்கு அதிகபட்சம் 1,000 புள்ளி. கஞ்சத்தனமாகத் தெரியும் இந்த வரம்புக்கு நல்ல காரணம் உண்டு. விளையாட்டு ஓடுவது பயனரின் பிரௌசரில், மதிப்பெண்ணைச் சொல்வதும் அதுதான். அந்தச் செய்தியை எப்படி மறையாக்கம் செய்தாலும், மறையாக்கும் சாவி அதே நிரலுக்குள் இருப்பதால் பொறுமையுள்ளவர் தோண்டி எடுத்துவிடுவார். பொய் மதிப்பெண்ணை முற்றிலும் தடுக்க முடியாது. பொய்யின் விலையை 3,000 புள்ளிக்குள் அடக்கிவைக்க முடியும்.

வங்கி அடுத்தது. 1 கோடி புள்ளி வைத்திருப்பவருக்கு உச்ச வட்டி, ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. அதை 365ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கினால் நாளைக்கு 3,425. வட்டி தானாகச் சேராது, தினமும் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாத நாளின் வட்டி போனது போனதுதான். தளத்தின் பங்குச் சந்தையில் 15 புள்ளிக்குக் கீழே இருக்கும் பங்கை வாங்க முடியாது, நாளைக்கு 1,000 பங்கே உச்சம். 15க்கு வாங்கி 60 தொடும்வரை காத்திருப்பது பழையவர்களின் வழக்கம். பொறுமை மட்டும்தான் முதலீடு.

பந்தயம் கட்டும் இடமான ஃபுட் கிளப்பில்தான் கணிதம் சுவையாகிறது. ஐந்து அரங்குகள், அரங்குக்கு நான்கு கடற்கொள்ளையர் வீதம் இருபது பேர் சாப்பாட்டுப் போட்டியில் இறங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்த உணவும் ஒவ்வாத உணவும் உண்டு. அன்றைய பரிமாறலைப் பொறுத்து வாய்ப்பு மாறும். பந்தய விகிதம், அதாவது ஜெயித்தால் வைத்த தொகை எத்தனை மடங்காகத் திரும்பும் என்பது, 2க்குக் குறையாது, 13க்கு மேல் போகாது, எப்போதும் முழு எண். ஒரே பந்தயத்தில் பல அரங்குகளைச் சேர்த்தால் விகிதங்கள் பெருக்கப்படும், ஆனால் தேர்ந்தெடுத்த அத்தனை பேரும் ஜெயிக்க வேண்டும்.

ஓர் அரங்கில் விகிதங்கள் 2, 13, 13, 13 என்று வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தலைகீழாக்கிக் கூட்டுங்கள்: 0.5, அதோடு மூன்று முறை 0.077. மொத்தம் ஏறக்குறைய 0.73. நிஜ உலகப் பந்தயக்காரர் இந்தக் கூட்டலை 1க்கு மேலேயே வைத்திருப்பார், அவர் லாபம் அங்கேதான் இருக்கிறது. இங்கே 1க்குக் கீழே விழுந்துவிட்டது. அப்படியானால் 2 விகிதக்காரர்மேல் 325 புள்ளியும் மற்ற மூவர்மேல் தலா 50 புள்ளியும் வையுங்கள். செலவு 475. 2 விகிதக்காரர் ஜெயித்தால் 650, மற்றவர்களில் யார் ஜெயித்தாலும் 13 முறை 50, அதுவும் 650. தோற்க வழியே இல்லை. இத்தகைய அரங்கு அடிக்கடி வரும். தேர்ந்தவர்கள் இதோடு நிற்காமல், சாதகமான அரங்குகளைப் பெருக்கிச் சேர்த்துப் பத்துப் பந்தயங்களாகப் பிரிப்பார்கள். அப்போது உறுதியான லாபம் போய், பல நாள் வெறுங்கை, ஒரு நாள் பெரிய மழை என்றாகும்; நீண்ட கால சராசரி மட்டும் ஏறும்.

தளம் இதை அனுமதித்துவிட்டு மூன்று இடத்தில் மடை கட்டியிருக்கிறது. நாளைக்குப் பத்துப் பந்தயம், ஒரு பந்தயத்தின் பரிசு 10 லட்சத்தைத் தாண்டாது, பந்தயத் தொகையின் உச்சம் 50 புள்ளியோடு கணக்கின் வயதுக்கு நாளொன்றுக்கு 2 புள்ளி. மேலே சொன்ன 325ஐ வைக்க 138 நாள் பழைய கணக்கு வேண்டும். நேற்று தொடங்கிய நூறு பொய்க் கணக்குகளால் இந்த வரத்தைக் கொள்ளையடிக்க முடியாமல் செய்தது இந்த வயது விதிதான். முழு விளையாட்டிலும் மிகச் சாமர்த்தியமான ஒரு வரி அது.

எங்கே வடிகின்றன

தளமே நடத்தும் கடைகளில் கொடுக்கும் புள்ளி அழிந்துவிடும். பல லட்சம் விலை கொண்ட பொருட்களை விற்கும் மறைந்த கோபுரமும், பயனர் தன் கடையைப் பெரிதாக்கச் செலுத்தும் கட்டணமும் அப்படியே. ஆனால் பிராணியின் நிறத்தை மாற்றும் தூரிகையை இன்னொரு பயனரிடம் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. பலர் குழம்புவது இங்கேதான். விலையுயர்ந்த பொருள் விற்பனை பணவீக்கத்தைத் தணிப்பதில்லை, யாரிடம் புள்ளி குவிகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது.

தளத்தின் கடைகளுக்குச் சரக்கு திடீர் திடீரென்று வரும். ஒவ்வொரு பொருளுக்கும், அது எவ்வளவு அரிது என்று காட்டும் ஓர் எண். 1 முதல் 99 வரை உள்ளவை கடைகளில் இறங்கும், 99 ஏறக்குறைய கண்ணில் படாது. 180 என்றால் ஓய்வு பெற்றுவிட்டது, இனி வராது. கடைக்காரர் சொல்லும் விலையைப் பேரம் பேசிக் குறைக்கலாம், ஆனால் அந்தப் பொருளுக்கு இன்னும் பலர் மோதிக்கொண்டிருப்பார்கள். தேர்ந்தவர்கள் பேரமே பேசமாட்டார்கள். 4,812 கேட்டால், விரல் யோசிக்காமல் அடிக்கக்கூடிய 4848ஐ அடித்து முடித்துவிடுவார்கள். 36 புள்ளி கூடப் போகட்டும், அரை நொடி மிச்சம்.

அரை நொடிக்கு மதிப்பு வந்த இடத்தில் தானியங்கி நிரல்கள் வரும். அவற்றைத் தடுக்க, வாங்கும் பக்கத்தில் ஒரு பிராணியின் படம் வைத்து, அதன் மிகக் கருமையான புள்ளியில் சொடுக்கச் சொன்னார்கள். கருமையான புள்ளியைக் கண்டுபிடிப்பதில் கணினி மனிதனைவிடச் சுறுசுறுப்பு என்பது வேறு விஷயம்.

இந்தப் போட்டியில் நிரலாளர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கடைசி ஒரு பொருளை இருவர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். 'இருக்கிறதா' என்று பார்ப்பது ஒரு வேலை, 'ஒன்றைக் கழி' என்பது அடுத்த வேலை என்று நிரல் எழுதப்பட்டிருந்தால், இருவருக்குமே 'இருக்கிறது' என்ற பதில் கிடைத்து ஒரு பொருள் இரண்டாகிவிடும். ஒரே பயனர் இரண்டு தாவல்களைத் திறந்துவைத்தும் இதைச் செய்யலாம். பார்ப்பதையும் கழிப்பதையும் தரவுத்தளத்தில் பிரிக்க முடியாத ஒரே கட்டளையாக்கி, எத்தனை வரி மாறியது என்று கேட்க வேண்டும். பூஜ்யம் என்றால் 'விற்றுவிட்டது'.

மலிவு விலையைக் காட்டும் கடை மந்திரவாதியும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவிதான். அது எல்லாக் கடைகளையும் ஒரே நேரத்தில் தேடாது. கடைக்காரரின் பெயரில் முதல் எழுத்தை வைத்துக் கடைகள் 13 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு தேடலும் ஏதோ ஒரு பிரிவை மட்டும் காட்டும். ஒரே முறை தேடி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்; ஏழெட்டு முறை தேடி, குறைந்ததைக் குறித்துக்கொண்டு வாங்க வேண்டும். அளவுக்கு மீறித் தேடினால் 'வேலை இருக்கிறது, அப்புறம் வா' என்று மந்திரவாதி கதவைச் சாத்திவிடுவார். விற்பவருக்கு இது வரம். தன் பிரிவில் மலிவாக இருந்தால் போதும், ஊர் முழுக்க மலிவாக இருக்கத் தேவையில்லை. அதனால் விலைப் போட்டி அடிமட்டத்துக்குச் சரிவதில்லை.

2007க்குப் பிறகு

2007 ஏப்ரலில் பிராணிகளுக்கு உடை மாட்டும் வசதி வந்தது. உடை எல்லார்மேலும் பொருந்த வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே தோரணையில் நிற்க வேண்டும். அதனால் தனித்தன்மையோடு வரையப்பட்ட பழைய ஓவியங்கள் ஓரங்கட்டப்பட்டன. மாற்றாமல் விடப்பட்ட சில பிராணிகள் மட்டும் பழைய முகத்தோடு தங்கின, அவை இனி புதிதாகப் பிறக்காது என்பதாலேயே கிராக்கி எகிறியது. அதே ஆண்டில் நிஜப் பணத்துக்கு வாங்கும் நியோகேஷும் வந்தது. 2014இல் ஜம்ப்ஸ்டார்ட், 2017இல் நெட்டிராகன் என்று கைமாறி, 2023இல் தளம் தனி நிறுவனமானது. 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கான ஆதரவு நின்றபோது விளையாட்டுகளும் வரைபடங்களும் செயலிழந்தன. அவற்றில் பலவற்றை இப்போது ரஃபிள் என்ற நிரல் பிரௌசருக்குள்ளேயே ஃப்ளாஷைப் போல் நடித்து ஓட்டுகிறது.

2022 ஜூலையில் தளத்துக்குள் ஊடுருவல் நடந்து, 6.9 கோடி கணக்குகளின் விவரங்கள் வெளியேறியதாகச் செய்தி வந்தது. யாரும் விளையாடாத பழைய கணக்கு திருடனுக்கு எதற்கு என்று தோன்றலாம். ஃபுட் கிளப்பின் வயது விதியைப் போட்டுப் பாருங்கள்: 2002 ஜனவரி 1 அன்று தொடங்கிய கணக்குக்கு 2024 ஜனவரி 1 அன்று வயது 8,035 நாள், ஒரு பந்தயத்தின் உச்சம் 16,120 புள்ளி. இடையில் ஒரு நாளும் உள்ளே வராதிருந்தாலும் வயது ஏறியிருக்கும். பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லை மாற்றுவது நல்லது. அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.