பேக்ஃபயர்னா சொதப்பல் மட்டும்தானா? "எதிர்த்தீ"ங்கிற சொல்லைப் பத்தி கொஞ்சம்

"மச்சி, பிளான் பேக்ஃபயர் ஆயிடுச்சுடா"ன்னு சொல்லாத ஆள் இப்ப யாரு இருக்கா. மேனேஜர்கிட்ட அடுத்தவனைப் போட்டுக்குடுக்கப் போய் தானே மாட்டிக்கிட்டவன்ல ஆரம்பிச்சு தேர்தல் கூட்டணி வரைக்கும் எல்லாத்துக்கும் இந்த ஒரு சொல்தான். பழைய புல்லட் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு அர்த்தமும் தெரியும், ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சர்ல டமால்னு ஒரு சத்தம் வரும்ல, அது. ஆனா இந்தச் சொல் பொறந்த இடம் ஆபீசும் இல்ல புல்லட்டும் இல்ல, காட்டுத்தீ. அதுவும் சொதப்பலுக்கு வச்ச பேரு இல்ல, தீயை நிறுத்துற ஒரு வேலைக்கு வச்ச பேரு.

1830கள்லயே அமெரிக்க இங்கிலீஷ்ல இந்தச் சொல் வந்துடுச்சு. அங்க நடு அமெரிக்காவுல ப்ரெய்ரின்னு கண்ணுக்கெட்டுன தூரம் புல்லாவே இருக்கும், அதுல தீ புடிச்சா குதிரையில ஓடுனாலும் தப்பிக்கிறது கஷ்டம். அதனால தூரத்துல புகை தெரிஞ்சதும் ஜனங்க என்ன பண்ணுவாங்கன்னா, தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே அது வர்ற வழியில இருக்க புல்லை இவங்களே கொளுத்தி விட்டுருவாங்க. பெரிய தீ வந்து சேரும்போது அங்க வெறும் கரிதான் கிடக்கும், திங்க ஒண்ணும் இல்லாம அது அப்படியே படுத்துரும். இதுக்குப் பேருதான் பேக்ஃபயர். இஞ்சின்ல வெடிக்கிற அர்த்தம் 1890கள்ல வந்தது, பிளான் திரும்பி நம்மளையே அடிக்கிற அர்த்தம் 1910கள்ல வந்தது. இந்தக் கடைசி அர்த்தம் காட்டுல இருந்து நேரா வந்ததுன்னு நினைச்சுடாதீங்க, துப்பாக்கி பின்பக்கமா வெடிச்சு சுட்டவனையே காயப்படுத்துறதுல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. ஆக ஒரே எழுத்து, ரெண்டு வேற வேற வழி. நமக்கு இங்க வந்து சேர்ந்தது என்னவோ அந்த ரெண்டாவது மட்டும்தான்.

இப்ப தமிழுக்கு வருவோம். பேக் = பின், ஃபயர் = தீன்னு வச்சு "பின்தீ", "பின்னெரி"ன்னு யாராவது ஆக்கி விட்டுட்டா அது சுத்தமா வேலைக்கு ஆகாது, ஏன்னா இந்தத் தீ பின்னாடி இல்ல, பெரிய தீக்கு முன்னாடி அதோட மூஞ்சிக்கு நேரா வைக்கிறது. நல்லவேளையா நாம புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்க வேண்டியதில்ல. "எதிர் தீ வைத்து கட்டுப்படுத்தினர்"னு மலைப்பகுதி செய்திகள்ல வருஷா வருஷம் மார்ச் ஏப்ரல் ஆனா வந்துடும். எதிர் + தீ, எதிர்த்தீ. எதிர்ப்பக்கம், எதிர்க்கட்சி மாதிரி நடுவுல ஒத்து போட்டு எழுதணும். எதிர்ல வைக்கிற தீங்கிறதும் வருது, எதிர்க்கிற தீங்கிறதும் வருது, ஒரே சொல்லுல ரெண்டும் உக்காந்திருக்கு. இங்கிலீஷ் சொல்லை விட இதுதான் பொருத்தம்னு நான் தைரியமா சொல்லுவேன். ஒரே சிக்கல், வேகமா படிச்சா "எதிர்த்தீங்க"ன்னு சொல்ல வந்து பாதில நின்ன மாதிரி இருக்கும், சரி அதெல்லாம் பழகிடும்.

இது எப்படி வேலை செய்யுதுங்கிறது முக்கியம், ஏன்னா அது புரியலன்னா சொல்லும் புரியாது. பெரிய தீ எரியும்போது சூடான காத்து மேல போகும், அந்த இடத்தை நிரப்ப சுத்தி இருக்க காத்தை அது தன் பக்கமா உறிஞ்சும். அதனால தீ ஓரளவு கிட்ட வந்ததும், அதுக்கு முன்னாடி காத்து கொஞ்சம் தீயைப் பாத்தே அடிக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் பாத்து ஒரு ரோட்டையோ ஓடையையோ வெட்டி வச்ச கோட்டையோ முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு எதிர்த்தீ போட்டா அது நம்ம பக்கம் வராம பெரிய தீயை நோக்கி இழுத்துக்கிட்டுப் போகும், ரெண்டும் நடுவுல மோதிக்கும், அணையும். ரொம்ப சீக்கிரம் போட்டா காத்து இன்னும் தீப் பக்கம் திரும்பியிருக்காது, நாம போட்ட தீ நம்ம மேலயே வரும், ரொம்ப லேட்டா போட்டா எரிய நேரம் இருக்காது. சரிவும் கணக்கு. ஆஸ்திரேலியாவுல ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க, மேல்நோக்கி ஏறும்போது சரிவு 10 டிகிரி கூடுனா தீயோட வேகம் ரெட்டிப்பாகும்னு. குரங்கணில 2018 மார்ச் 11ஆம் தேதி நடந்ததை நினைச்சுப் பாருங்க, காய்ஞ்ச புல்லு நிறைஞ்ச செங்குத்தான மலைச்சரிவு, ட்ரெக்கிங் போனவங்கள்ல 23 பேர் போயிட்டாங்க. அந்த மாதிரி புல்சரிவுல கீழ இருந்து தீ ஏறி வந்தா மனுசன் ஓடி ஜெயிக்க முடியாது.

கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற சொல்களையும் பாத்துருவோம், ஏன்னா எதிர்த்தீ தனியா நிக்காது. முதுகுக்குப் பின்னாடி ஒரு கோடுன்னேன்ல, அது ஃபயர் லைன். வனத்துறைத் தமிழ்ல "தீத்தடுப்புக் கோடு". ஜனவரி பிப்ரவரியில காட்டுக்குள்ள கோடு மாதிரி நீளமா புல்லு, சருகு, புதர் எல்லாம் வெட்டி எடுத்து மண்ணு தெரியுற மாதிரி ஆக்கி வைப்பாங்க, இப்பல்லாம் சருகைத் தள்ள லீஃப் ப்ளோயர் கூட வந்துடுச்சு. தீத்தடுப்புக் கோடுங்கிறது கொஞ்சம் நீளம், "தீக்கோடு"ன்னே சொல்லிடலாம்னு எனக்குத் தோணுது.

அடுத்தது கண்ட்ரோல்டு பர்னிங். தீ வராத காலத்துலயே, சருகு அதிகம் சேர்றதுக்கு முன்னாடி, சின்னதா நாமளே எரிச்சு விடுறது. இதுக்குத்தான் தமிழ்ல சரியான சொல் இல்லாம திண்டாடுறோம். "கட்டுப்படுத்தப்பட்ட எரியூட்டல்"னு ஒரு தடவை பாத்தேன், படிச்சதும் சுடுகாடுதான் ஞாபகம் வந்துச்சு, எரியூட்டுறதுன்னா நமக்கு அதுதானே. "தீவைப்பு"ன்னு சொன்னா கலவரச் செய்தி. கொளுத்துறது, பத்த வைக்கிறது, மூட்டி விடுறது எல்லாத்துலயும் ஏதோ ஒரு வில்லத்தனம் ஒட்டிக்கிட்டு இருக்கு. வேணும்னே நல்லதுக்கு எரிக்கிறதுக்கு நம்மகிட்ட சொல்லே இல்லையான்னு தேடுனா, இருந்திருக்கு. புறநானூறு 159ல "கரிபுனம்"னு வருது, கானவர்னா காட்டு ஜனங்க, அவங்க சுட்டுக் கரியாக்குன புனம், அதாவது மலைக்கொல்லை, அதுல ஐவனம்ங்கிற மலைநெல்லு விதைப்பாங்க. அது விவசாயத்துக்கு எரிச்சது, தீத்தடுப்புக்கு இல்ல, அதனால அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்க முடியாது, ஆனா எரிக்கிறதை ஒரு வேலையா பாத்த கண்ணு நம்ம பக்கம் பழசுங்கிறதுக்கு அது போதும்.

பக்கத்துலயே, சத்தியமங்கலம் தாண்டி கர்நாடகா பிலிகிரி ரங்கன மலையில சோலிகர்ங்கிற பழங்குடி மக்கள்கிட்ட இதுக்கு இன்னும் உயிரோட ஒரு சொல் இருக்கு, "தரகு பெங்கி". தரகுன்னா காய்ஞ்ச இலை, நம்ம சருகு. பெங்கின்னா நெருப்பு. கோடை முத்துறதுக்கு முன்னாடி சருகை மட்டும் லேசா எரிச்சு விடுற தீ. 1972ல வன உயிரினச் சட்டம் வந்து, 1974ல அந்த மலை சரணாலயம் ஆனதுக்கு அப்புறம் அது நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடி, அதாவது லாண்டானா புதர், கன்னாபின்னான்னு பெருகிடுச்சுன்னு சோலிகர்கள் சொல்றாங்க. உண்ணிச்செடி பெருகுனதுக்கு இது ஒண்ணே காரணமான்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள விவாதம் இருக்கு, ஆனா முதுமலை சத்தி பக்கம் உண்ணிப்புதர் காய்ஞ்சு கிடக்கிறதைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது தீக்கு ஏணி போட்டுக் குடுத்த மாதிரி, தரையில ஓடுற தீயை மரத்து மேல ஏத்தி விட்டுரும். "சருகெரிப்பு"ன்னு சொன்னா என்ன? கண்ட்ரோல்டு பர்னிங்குக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

காட்டை எரிக்கலாமா கூடாதாங்கிறது ஒண்ணும் புதுச் சண்டை இல்ல. பிரிட்டிஷ்காரன் 1860கள்ல மத்திய இந்தியாவுல போரி காட்டுல தீயே வரக்கூடாதுன்னு காவல் போட்டு ஆரம்பிச்சான், 1896லயே பர்மா தேக்குக் காட்டுல வேலை பாத்த அவங்க ஆளே ஒருத்தர் தீத்தடுப்பு ரொம்ப ஓவராப் போச்சுன்னு கட்டுரை எழுதிட்டார். அமெரிக்காவுல 1935ல எந்தத் தீயா இருந்தாலும் மறுநாள் காலைல 10 மணிக்குள்ள அடக்கிடணும்னு விதியே போட்டாங்க, பல வருஷம் அப்படி அணைச்சு அணைச்சு காடு முழுக்க விறகு சேர்ந்ததுதான் மிச்சம்.

இங்கதான் காசு விவகாரம் வருது. தீயை "அணைக்கிறதா" "தடுக்கிறதா", எதுக்கு செலவு பண்றது. 2024 மார்ச்ல குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பக்கம் தீ புடிச்சப்ப விமானப்படையோட எம்ஐ-17 ஹெலிகாப்டர் பாம்பி பக்கெட்ல தண்ணி கொண்டு வந்து ஊத்துச்சு. பாம்பி பக்கெட்டுங்கிறது ஹெலிகாப்டருக்குக் கீழ தொங்குற பெரிய மடக்கு வாளி, கனடாக்காரங்க கண்டுபுடிச்சது. டிவில எல்லாரும் பாத்தோம், நானும் வாயைப் பொளந்துதான் பாத்தேன். ஆனா மேல இருந்து தண்ணி ஊத்துறது தீயை அடக்கி வைக்கும், நேரம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான், அப்புறம் புகைஞ்சுக்கிட்டிருக்க கட்டையை ஒவ்வொண்ணா புரட்டி மண்ணு போட்டு அணைக்க கீழ ஆளு வேணும். அந்த ஆளுங்கதான் ஜனவரில தீக்கோடு வெட்டுறவங்களும், சீசனுக்கு தினக்கூலிக்கு வர்ற ஃபயர் வாட்சர்கள். ஹெலிகாப்டர் வேண்டாம்னு நான் சொல்லல, செங்குத்தான பாறை இடுக்குல அது இல்லாம முடியாது, ஆனா ஹெலிகாப்டர் இருக்குன்னு கூலியில கை வச்சா அது தப்புக் கணக்கு.

உத்தரகண்ட் கதை இன்னும் வினோதம். அங்க 1000 மீட்டர் உயரத்துக்கு மேல பச்சை மரம் வெட்டக்கூடாதுன்னு 1981ல தடை வந்துச்சு, காட்டைக் காப்பாத்தத்தான். அதனால பழைய ஃபயர் லைன்கள்லயும் மரம் வளந்து நின்னுடுச்சு, வரைபடத்துல கோடு இருக்கும், போய்ப் பாத்தா காடு இருக்கும். கோடு இல்லன்னா எதிர்த்தீ போட நிக்க இடம் இல்ல. இன்னொரு பக்கம் பைன் மர ஊசி இலை, பிருள்னு சொல்லுவாங்க, அது மெத்தை மாதிரி கிடந்து பெட்ரோல் கணக்கா எரியும். 2024 மே மாசம் தீ உச்சத்துல இருந்தப்ப, அதைப் பொறுக்கிட்டு வந்தா கிலோவுக்கு 50 ரூபான்னு அரசு அறிவிச்சுது. நல்ல யோசனைதான், மே மாசம் வரைக்கும் காத்திருக்காம இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

சரி, எதிர்த்தீயை ரொம்ப தூக்கி வச்சுப் பேசிட்டேன், அதோட இன்னொரு முகத்தையும் சொல்லிடணும். ஆஸ்திரேலியாவுல 2019 டிசம்பர்ல, சிட்னிக்கு வடமேற்கே கோஸ்பர்ஸ் மவுண்டன்ல 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல எரிஞ்ச தீ, அதை மறிக்க மவுண்ட் வில்சன் பக்கம் தீயணைப்பு ஆளுங்க போட்ட எதிர்த்தீ கைமீறிப் போய் வீடுகளை எரிச்சுடுச்சு. அங்க இதை பேக் பர்னிங்னு சொல்றாங்க. அதாவது பேக்ஃபயர் பேக்ஃபயர் ஆயிடுச்சு, சொல்லோட ரெண்டு அர்த்தமும் ஒரே இடத்துல வந்து மோதிக்கிச்சு, தமிழ்ல இந்தச் சிலேடை வராது, வராததே நல்லதுன்னு வச்சுக்குங்க. 2022ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல நடந்தது எதிர்த்தீ இல்ல, சருகெரிப்பு வகை, முன்கூட்டியே எரிக்கிறோம்னு ஏப்ரல்ல ஆரம்பிச்சு காத்துல கைமீறி அந்த மாநிலத்தோட மிகப்பெரிய காட்டுத்தீ ஆயிடுச்சு. அப்புறம் அவங்க வனத்துறை 90 நாளைக்கு நாடு முழுக்க அந்த வேலையையே நிறுத்தி வச்சுது. செய்தில இந்த ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. தீ வந்துக்கிட்டு இருக்கும்போது அவசரத்துல போடுறது எதிர்த்தீ, தீ இல்லாதப்ப நாள் பாத்து காத்து பாத்து போடுறது சருகெரிப்பு. ஒண்ணு சண்டைக்களம், இன்னொண்ணு வீட்டு வேலை.

மூணாவதா ஒண்ணு இருக்கு, எஸ்கேப் ஃபயர். 1949 ஆகஸ்ட் 5, மொண்டானா மாநிலத்துல மான் கல்ச்னு ஒரு பள்ளத்தாக்கு, பாராசூட்ல குதிச்சுப் போய் தீயணைக்கிற குழு மாட்டிக்கிச்சு. கீழ இருந்து புல்லுல தீ ஏறி வருது. குழுத் தலைவர் வாக் டாட்ஜ் ஓடாம நின்னு தீக்குச்சியைக் கிழிச்சு தனக்கு முன்னாடி இருந்த புல்லைக் கொளுத்தி, அது எரிஞ்சு முடிச்ச சாம்பல்ல போய் குப்புறப் படுத்துக்கிட்டாரு, மத்தவங்களையும் வாங்கன்னு கூப்பிட்டாரு, யாருக்கும் புரியல, ஓடிட்டாங்க. 13 பேர் செத்துப் போனாங்க, அவர் பொழைச்சாரு. அவர் போட்டதும் பாக்க எதிர்த்தீ மாதிரிதான், ஆனா தீயை நிறுத்தப் போட்டது இல்ல, படுக்க இடம் வேணும்னு போட்டது. இதுக்கும் எதிர்த்தீன்னே சொல்றது எனக்கு ஒப்பல, "காப்புத்தீ"ன்னு சொல்லிப் பாக்குறேன், வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

கடைசியா புழக்கத்தைப் பத்தி ஒண்ணு. சீசனுக்கு ஃபயர் வாட்சரா போயிட்டு இருந்த எங்க சித்தப்பாகிட்ட, "எதிர்த்தீங்கிற சொல்லை நீங்க யூஸ் பண்ணுவீங்களா"ன்னு கேட்டேன். அவருக்கு பேக்ஃபயரும் தெரியாது, எதிர்த்தீன்னு ஒத்து போட்டு ஒரே சொல்லா சொல்றதும் பழக்கம் இல்ல. "அது மேல வருதுல்ல, நாங்க ரோட்டு ஓரமா நின்னு எதுத்தாப்புல தீ போடுவோம், அவ்வளவுதான்"னாரு.