ஃபேர்வே: கரை தெரியாத பாதை

துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கொண்டுவரும் பைலட் வேலை எனக்கு. ஒருநாள் விடியற்காலை, நாங்கள் உள்ளே வந்துகொண்டிருந்தபோது நேர் எதிரே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. ஃபைபர் படகு, வலை போட்டிருந்தார்கள். ஐந்து முறை குறுகக் குறுக ஹாரன் அடித்தோம். கடைசி நேரத்தில்தான் விலகினார்கள். அந்த வாரமே, படகில் இருந்த அண்ணன் ஒருவரைக் கரையில் பார்த்தேன். "கடல்ல எங்க சார் ரோடு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த ரோட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபேர்வே என்று பெயர். 'ஃபேர்' என்றால் அழகு, நியாயம் என்றுதான் நமக்குத் தெரியும். தடையில்லாதது என்ற பொருளும் அதற்கு உண்டு. 'வே' என்பது வழி. ஆக, கப்பல் தட்டாமல் போகுமளவு ஆழமும் இடமும் உள்ள வழி. கோல்ஃப் மைதானத்தில் புல் கத்தரித்த பகுதியையும் இப்படிச் சொல்வார்கள், ஆனால் அந்தப் பொருள் பின்னால் வந்தது. மாலுமிகள் சொன்னதுதான் முதலில்.

தமிழில் இதைக் கால்வாய் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கால்வாய் என்றால் வெட்டியது, இரண்டு பக்கமும் கரை தெரிவது. ஃபேர்வேயில் கரை தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரிவது மிதவை மட்டும்தான். சிவப்பு வெள்ளைக் கோடுகள் நெடுக்காகப் போட்ட மிதவை இருந்தால், சுற்றிலும் நல்ல ஆழம், பெரும்பாலும் பாதை அங்கேதான் தொடங்கும். நம் நாட்டு முறைப்படி, துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அந்த இரண்டு வரிசைக்கு நடுவில் இருப்பதுதான் ரோடு.

மோதல் தவிர்ப்புக்கான 1972 சர்வதேச விதிகளில் 9வது விதி இதைப் பற்றியதுதான். ஃபேர்வேயில் போகும் கப்பலுக்கு மீன்பிடிப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. பெரிய கப்பலுக்குச் சலுகை காட்டும் விதி என்று இதை நினைக்க வேண்டாம். பாரம் ஏற்றிய கப்பல் பிரேக் போட்டதுபோல நிற்காது. பாதையை விட்டுத் திரும்பினால் தரை தட்டும். அப்புறம், பலருக்கும் தெரியாத ஒன்று: கப்பலின் முனைக்கு முன்னால் இரண்டு கப்பல் நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதுவரை கடல் பரப்பு மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறைவதைக் கப்பல் பாதுகாப்புக்கான வேறு சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. அதற்குள் வந்த படகு எங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

குறுகக் குறுக ஐந்து ஹாரன் கேட்டால், "நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று கப்பல் சொல்கிறது. கப்பலுக்கு முன்னால் குறுக்கே ஓடாதீர்கள். நீங்கள் இருக்கும் பக்கத்து மிதவையைத் தாண்டி வெளியே போய்விடுங்கள். அங்கே கப்பலுக்குத்தான் ஆழம் போதாது, ஃபைபர் படகுக்குத் தாராளமாகத் தண்ணீர் இருக்கும்.