பொலெண்டாவுக்கு மாவு வாங்கும்போது: பொட்டலத்துப் பெயருக்கு அமெரிக்க விதி சொல்லும் பொருள்

பொலெண்டா என்பது மக்காச்சோள ரவையைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் இத்தாலியக் களி. அமெரிக்காவில் விற்கும் மக்காச்சோள மாவுக்கு உற்பத்தியாளர் நினைத்த பெயரை வைத்துவிட முடியாது. கூட்டாட்சி விதித்தொகுப்பில் 21ஆம் தலைப்பு, 137ஆம் பகுதி ஒவ்வொரு பெயருக்கும் சல்லடை, ஈரம், கொழுப்பு, நார் ஆகியவற்றின் அளவை வரையறுத்திருக்கிறது. அமல்படுத்துவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. அந்தப் பட்டியலில் ‘பொலெண்டா’ இல்லை. ஆகவே அந்தப் பெயரில் வரும் பொட்டலத்தில் கொரகொரப்பான ரவையும் இருக்கலாம், முன்பே வேகவைத்த உடனடி மாவும் இருக்கலாம். அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டிய முதல் விஷயம் பருமன். ‘கார்ன் கிரிட்ஸ்’ என்றால் 95 சதவீதமாவது 10ஆம் எண் சல்லடையில் (துளை 2 மி.மீ.) இறங்க வேண்டும்; 25ஆம் எண் சல்லடையில் (சுமார் 0.7 மி.மீ.) 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ரவை அதிகம், தூள் குறைவு. ‘கார்ன் மீல்’ என்றால் அதே 25ஆம் எண் சல்லடையில் குறைந்தது 45 சதவீதம் இறங்கியாக வேண்டும். பல்லில் படும் பதம் வேண்டுவோருக்கு கிரிட்ஸ்தான் சரியான மாற்று. பொன்னிறம் வேண்டுமென்றால் ‘எல்லோ’ என்ற சொல்லையும் பாருங்கள். ‘குயிக் கிரிட்ஸ்’ லேசாக ஆவி காட்டி நசுக்கியது. சீக்கிரம் வெந்துவிடும், பதம் கொஞ்சம் குழைவு.

‘கோர்ஸ்’, ‘மீடியம்’, ‘ஸ்டோன் கிரவுண்ட்’ என்பவற்றுக்கு இந்தப் பகுதியில் எந்த அளவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொன்றின் ‘கோர்ஸ்’ ஆக இருக்கலாம். கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்தது முளை, அதாவது சோள மணிக்குள் இருக்கும் கரு (ஜெர்ம்). மக்காச்சோளத்தின் எண்ணெயில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது, மணமும் அங்கேதான். அடைமொழி இல்லாத கார்ன் மீலில் கொழுப்பு, அரைத்த சோளத்தின் கொழுப்பிலிருந்து 0.3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதாவது முளையோடு அரைத்தது. ‘போல்டட்’ என்றால் தவிட்டில் ஒரு பங்கைச் சலித்து நீக்கியது, கொழுப்பு 2.25 சதவீதத்துக்குக் குறையாது. ‘டீஜெர்மினேட்டட்’ என்றால் முளையும் தவிடும் போனது, கொழுப்பு 2.25க்குக் கீழே. கிரிட்ஸும் விதிப்படி முளை நீக்கியதே. முளை நீக்கியது அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும். முளையோடு உள்ளதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிக்கு வாடை வந்துவிட்டால் எவ்வளவு வெண்ணெய் சேர்த்தாலும் கசப்பு போகாது.

மாற்றிப் போடும்போது அளவு மாறும். கொரகொரப்பான ரவை 1 கப்புக்கு 4 முதல் 5 கப் தண்ணீர், 1 தேக்கரண்டி உப்பு, மிதமான தீயில் 40 நிமிடம். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கையால் தூவி மறுகையால் கிளற வேண்டும். நைசான மாவை அப்படித் தூவினால் கட்டி தட்டும். குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அதற்கு 15 நிமிடமே போதும். சொன்ன நேரம் கழித்தும் நறநறவென்றிருந்தால் ரவை இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை என்று பொருள். அரை கப் வெந்நீர் விட்டு மூடி வையுங்கள்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ‘செல்ஃப்-ரைசிங்’. அதில் சோடாவும் அமிலப் பொருளும் உப்பும் கலந்தே இருக்கும், குறைந்தது 0.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வெளிவர வேண்டும் என்பதே விதி. கொதிநீரில் போட்டால் நுரைக்கும், உப்பும் சோடா வாடையும் தூக்கும். ‘கார்ன் ஃப்ளார்’ இந்த விதியில் மிக நைசாக அரைத்த சோளம், ஸ்டார்ச் அல்ல. ஆனாலும் கிளறினால் கூழாகத்தான் வரும். ‘மாசா’ சுண்ணாம்பு நீரில் வெந்த சோளத்தின் மாவு, சுவையே வேறு.

‘என்ரிச்டு’ (சத்துகள் சேர்த்தது) என்று போட்டால் ஒரு பவுண்டுக்கு ஃபோலிக் அமிலம் 0.7 முதல் 1.0 மி.கி., இரும்பு 13 முதல் 26 மி.கி. இருக்க வேண்டும், தயமின், ரைபோஃப்ளேவின், நியாசினுக்கும் இப்படி வரம்புகள் உண்டு. சமைக்கும் பதம் மாறாது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு என்றால் 1938ஆம் ஆண்டு உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டப்படி அது தவறான முத்திரை. பொட்டலத்தையும் அதிலுள்ள தொகுதி எண்ணையும் வைத்துக்கொண்டு எஃப்டிஏவிடம் புகார் கொடுக்கலாம்.