போக்கர் புத்தகம் வாங்குமுன் தோற்பதைப் பற்றிய பக்கங்களைப் புரட்டுங்கள்

சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். ரூலெட்டிலோ ஸ்லாட் மெஷினிலோ பணத்தை விட்டவர்கள் வரும்போது கையில் புத்தகம் இருக்காது. போக்கர் ஆடுகிறவர்களின் பையில் பெரும்பாலும் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, ஓரத்தில் சதவீதக் கணக்கு எழுதிய புத்தகம். "நான் சூதாடலை மேடம், படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால் அந்தப் புத்தகங்களை நானும் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம் என்பதில் இப்போது எனக்கென்று ஒரு கருத்து உண்டு.

போக்கரில் திறமையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக மோதி, மொத்தம் 1,20,000 ஹேண்ட் (ஒருமுறை சீட்டு போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட்) ஆடி ஜெயித்தது. எல்லாமே அதிர்ஷ்டம் என்றால் அப்படி ஒரு நிரலை எழுதவே முடியாது. ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க ஒரே சீட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டார்கள். அப்படியும் யார் கெட்டிக்காரர் என்று உறுதியாகச் சொல்ல லட்சம் ஹேண்டுக்கு மேல் ஆட வேண்டியிருந்தது.

ஒரு போக்கர் புத்தகத்தை எடைபோட எனக்கு இந்த விஷயம்தான் அளவுகோல். திறமை வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஆசிரியர் சொல்கிறாரா? ஒரு கணக்கு போடுவோம். ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) டேபிளில், 100 ஹேண்டுக்குத் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 90 பிக் பிளைண்ட் (ஹேண்ட் தொடங்கும்போது ஒருவர் கட்டாயமாகப் போடும் பந்தயம்; லாப நஷ்டத்தை இதை வைத்துத்தான் அளப்பார்கள்) அளவில் இருப்பது சாதாரணம். நன்றாக ஆடும் ஒருவர் 100 ஹேண்டுக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 10,000 ஹேண்ட் ஆடினால் அவர் எதிர்பார்க்கும் லாபம் 500. அந்த இடத்தில் திட்ட விலக்கம் 900. அதாவது அத்தனை ஹேண்ட் ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க ஏறக்குறைய 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நேரில் உட்கார்ந்து மணிக்கு 25 ஹேண்ட் ஆடினால் இது 400 மணி நேர ஆட்டம்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 100 ஹேண்டுக்கு 5 பிக் பிளைண்ட் தோற்கிற ஆட்டக்காரரும் 400 மணி நேரத்துக்குப் பிறகு லாபத்தில் நிற்க அதே 29 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்தில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த மூன்று பேரில் ஒருவர்தான். ஒரு புத்தகம் படித்தார்கள், சில மாதங்கள் பணம் வந்தது, புத்தகம் வேலை செய்கிறது என்று நம்பினார்கள், பெரிய டேபிளுக்குப் போனார்கள். அப்புறம் நடந்ததைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஆட்டக்காரர்கள் வேரியன்ஸ் என்பார்கள். வாங்கப்போகும் புத்தகத்தில் வேரியன்ஸுக்கும் பேங்க்ரோலுக்கும், அதாவது ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணத்துக்கும், எத்தனை பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம். ஒவ்வொரு ஹேண்டிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளும் பங்கான ரேக் பற்றிப் பேசுகிறதா என்றும் பாருங்கள். டேபிளில் இருக்கும் எல்லோரும் ஒரே தரத்தில் ஆடினாலும் ரேக் காரணமாக எல்லோருக்குமே நஷ்டம்தான். சின்னத் தொகை டேபிள்களில் இந்த வெட்டு இன்னும் ஆழம்.

அடுத்து, புத்தகம் எந்த ஆட்டத்துக்கு, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1976, 1977 இரண்டு வருடமும் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்த டாயில் பிரன்சன், அந்தப் பத்தாண்டின் இறுதியில் கொண்டுவந்த 'சூப்பர் சிஸ்டம்' இன்றும் பல பட்டியல்களில் இடம்பெறுகிறது. எதிராளியை ஓயாமல் நெருக்கும் அந்த ஆட்டம், மற்றவர்கள் பயந்து பயந்து ஆடிய காலத்தில் பணம் கொட்டியது. இன்று அதை வரலாறாகப் படிக்கலாம். கைப்புத்தகமாக வைத்துக்கொண்டால் செலவு அதிகம்.

2003-இல் கிறிஸ் மனிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவான இணையத் தகுதிப் போட்டி வழியாக அதே முதன்மைப் போட்டியில் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதற்குப் பிறகு புத்தகங்கள் வெள்ளமாக வந்தன. அதில் தேறியவற்றில் ஒன்று, 1995 சாம்பியன் டான் ஹாரிங்டன் 2004 முதல் எழுதிய டோர்னமெண்ட் தொகுதிகள். ஒவ்வொரு ஹேண்டையும் கேள்வியாகக் கொடுத்து, வாசகரை யோசிக்கவிட்டு, பிறகு பதில் சொல்லும் முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது டோர்னமெண்டுக்கானது. கேஷ் கேம், அதாவது ஒவ்வொரு ஹேண்டிலும் நேரடியாகப் பணம் வைத்து, ஆடுகிறவர் அதை அப்படியே பின்பற்றினால் பொருந்தாது. டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'தியரி ஆஃப் போக்கர்' வேறு வகை. எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடுவீர்களோ, அதிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் நீங்கள் இழக்கிறீர்கள் என்ற ஒரு எண்ணத்தைச் சுற்றிக் கட்டிய புத்தகம். அடிப்படையைப் பேசுவதால் பழசாகவில்லை. சிறந்த ஆட்டம் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் மென்பொருள்கள் பரவிய பிறகு வந்த புத்தகங்களில் மைக்கேல் அசெவெடோவின் 'மாடர்ன் போக்கர் தியரி' (2019) கனமானது. அட்டவணை அட்டவணையாக இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் அதை வாங்கினால் அலமாரிக்குத்தான் அழகு.

சரி, பெயர் தெரியாத புதுப் புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது? நான் பிளஷ் டிராவைப் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று மட்டும் வேண்டிய நிலை) பற்றிய பக்கத்தைத் திறப்பேன். நான்காவது பொதுச் சீட்டு விழுந்துவிட்டது, ஒரே ஒரு சீட்டு பாக்கி. உங்கள் கைச் சீட்டும் பொதுச் சீட்டும் சேர்த்து ஒரே ஜாதியில் நான்கு சீட்டு. அந்த ஜாதியில் இன்னும் ஒன்பது சீட்டு இருக்கிறது, நீங்கள் பார்க்காத சீட்டு 46. வாய்ப்பு 19.6 சதவீதம். நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் 100 இருக்க, எதிராளி 50 போடுகிறார். நீங்கள் 50 கொடுத்து 150-ஐ அடையப் பார்க்கிறீர்கள், அதற்கு 25 சதவீத வாய்ப்பு வேண்டும். ஆகவே இந்தக் கணக்கின்படி மட்டும் பார்த்தால் சீட்டைக் கீழே வைக்க வேண்டியதுதான். நல்ல புத்தகம் இங்கே நிற்காது. சீட்டு விழுந்தால் கடைசிச் சுற்றில் எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 56 அளவுக்காவது வரும் என்றால் கால் பண்ணலாம் (அவர் போட்ட தொகையைக் கொடுத்து ஆட்டத்தில் நீடிக்கலாம்), வராது என்றால் வேண்டாம், அவர் எப்படிப்பட்டவர் என்று யோசி என்று சொல்லும். மோசமான புத்தகம் "பிளஷ் டிராவுக்கு 35 சதவீதம், தைரியமாகக் கால் பண்ணு" என்று எழுதும். அந்த 35 இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது வரும் எண். இங்கே அதைக் கொண்டுவந்து வைப்பது தவறு. இந்த ஒரு பக்கத்தில் கோட்டை விட்ட ஆசிரியரை மற்ற பக்கங்களில் நான் நம்புவதில்லை.

முகபாவத்தையும் கை நடுக்கத்தையும் படிக்கச் சொல்லித்தரும் புத்தகங்கள் ஒரு தனி ரகம். சுவாரசியமாக இருக்கும். போனில் ஆடுகிறவருக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

மனநிலை பற்றிய புத்தகங்களைத்தான் என் துறையில் இருப்பவள் என்ற முறையில் கூர்ந்து பார்ப்பேன். ஜாரெட் டெண்ட்லரின் 'மென்டல் கேம் ஆஃப் போக்கர்' (2011) டில்ட்டை, அதாவது தோற்ற எரிச்சலில் நிதானம் தவறி ஆடுவதை, வகை பிரித்துப் பேசுகிறது. அநியாயமாகத் தோற்றேன் என்ற கோபம் ஒன்று, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வேகம் இன்னொன்று. வகை தெரிந்தால் எங்கே எழுந்துவிட வேண்டும் என்று தெரியும். ஆனால் இது ஆட்டத்தைச் சீராக்க எழுதியது, அடிமைத்தனத்துக்கு மருந்தாக எழுதியது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு, டில்ட்டைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வருகிறவர்கள் நிறைய.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்களின் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். ஒரு விளையாட்டுத் தளத்தில் சேரும் சுட்டியும் போனஸ் குறியீடும் இருந்தால், அதன் வழியாக நீங்கள் சேரும்போது அதை எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கக்கூடும். நீங்கள் ஜெயிப்பதை நம்பி அவர் பிழைப்பு நடக்கவில்லை.

போக்கர் உலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசையா? ஆடவே வேண்டாம். ஏ. ஆல்வாரெஸ் எழுதிய 'தி பிக்கஸ்ட் கேம் இன் டவுன்' (1983) போதும். மனோதத்துவம் படித்த மரியா கொன்னிகோவா ஆட்டமே தெரியாமல் ஆரம்பித்து எழுதிய 'தி பிக்கஸ்ட் பிளஃப்' (2020) புத்தகமும் நல்ல வாசிப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இவருக்குப் பெரிய பயிற்சியாளரும் நேரமும் கிடைத்தன. அதே பாதையில் போய்த் தோற்றவர்களிடம் எந்தப் பதிப்பகமும் கதை கேட்பதில்லை.

எந்தப் புத்தகமும் வாங்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கடன் வாங்கி ஆடுவது, தோற்ற தொகையை வீட்டில் குறைத்துச் சொல்வது, விட்டதைப் பிடிக்க அன்று இரவே மறுபடி உட்காருவது, நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. ஆட்டத்தில் திறமை இருப்பதால் போக்கருக்கு அதில் விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. இந்த நிலையில் இருப்பவர் அடுத்த புத்தகத்தைத் தேடுவதும் ஆட்டத்தின் தொடர்ச்சிதான்.

இப்படி இருந்தால் ஒரு ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வரும்போது கடந்த ஒரு வருட வங்கிக் கணக்கு அறிக்கையையும், விளையாட்டுத் தளத்தில் பணம் போட்ட, எடுத்த பட்டியலையும் அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். மொத்தம் எவ்வளவு போனது என்று வருகிறவர் சொல்லும் தொகையும் அந்தத் தாளில் இருக்கும் தொகையும் ஒத்துப்போவது அபூர்வம். வீட்டில் ஒருவரும் கூட வந்தால் நல்லது, முதல் சில மாதங்களுக்குப் பணப் பொறுப்பை யார் பார்ப்பது என்று அங்கேயே பேசி முடித்துவிடலாம்.