ஹோலோகாஸ்ட்: தமிழில் என்ன சொல்வது?

நாஜி ஜெர்மனி யூதர்களைக் கொன்று குவித்ததைக் குறிக்கும் ஹோலோகாஸ்ட் என்ற சொல்லுக்கு வேர் கிரேக்கம். 'ஹோலோஸ்' என்றால் முழுவதும், 'காஸ்டோஸ்' என்றால் எரிந்தது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ஆட்டையோ மாட்டையோ பலிபீடத்தில் முழுசாக எரித்துக் கடவுளுக்குக் கொடுப்பதற்கு இந்த வேரில் பிறந்த சொல்லைத்தான் போட்டார்கள். தமிழ் பைபிளின் லேவியராகமத்தில் அதே இடத்தில் 'சர்வாங்க தகனபலி' என்று இருக்கும். சர்வாங்கம் முழு உடல், தகனம் எரிப்பு. அச்சு அசலாகப் பொருந்துகிறது.

பொருந்துவதுதான் சிக்கல். பலி என்றால் கொடுப்பவர் உண்டு, ஏற்கும் தெய்வம் உண்டு, புண்ணியமும் உண்டு. நாஜி ஜெர்மனியும் அதற்குத் துணைபோனவர்களும் சுமார் 60 லட்சம் யூதர்களைச் சுட்டும், விஷவாயுக் கூடங்களில் அடைத்தும், பட்டினி போட்டும் கொன்றதில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? அதனால்தான் யூதர்கள் பலர் 'ஷோவா' என்றே சொல்கிறார்கள். எபிரேயத்தில் பேரழிவு என்று பொருள். இஸ்ரேலில் ஷோவா நினைவு நாளன்று காலையில் சைரன் ஒலிக்கும் இரண்டு நிமிடமும் நெடுஞ்சாலைக் கார்கள்கூட நின்றுவிடும், ஆட்கள் இறங்கி அசையாமல் நிற்பார்கள்.

சரி, நாமும் பேரழிவு என்றே எழுதலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. புயலுக்கும் சுனாமிக்கும் அதைத்தான் எழுதுகிறோம், யார் செய்தது என்ற கேள்வியே அதில் எழாது. 'பலி' இன்னும் மோசம். 'பேருந்து கவிழ்ந்து 5 பேர் பலி' என்று எழுதிப் பழகிய கை '60 லட்சம் யூதர்கள் பலி' என்றும் எழுதிவிடுகிறது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறவர்கள் இருக்கும்போது, கொன்றவனை மறைக்கிற சொல் நமக்கு வேண்டாம். யூத இனப்படுகொலை என்பதே சரி. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944ல் எழுத்தில் கொண்டுவந்த 'ஜெனோசைட்' என்ற சொல்லுக்கு நம்மிடம் புழங்குவதும் இனப்படுகொலைதான். ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்களையும் நாஜிகள் இப்படியே கொன்றார்கள், அதைத் தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

இந்தச் சொல் விஷயத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை ஜெர்மனியின் நடைபாதைகளில் பார்க்கலாம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை அது, பெயர் 'ஷ்டோல்பர்ஷ்டைன்', அதாவது இடறுகல். 10 செ.மீ. சதுரப் பித்தளை முகப்பு வைத்த கல், நாஜிகளின் கொடுமைக்கு ஆளான ஒருவர் விருப்பப்பட்டு வாழ்ந்த கடைசி வீட்டு வாசலில் தரையோடு தரையாகப் பதித்திருக்கும். ஐரோப்பாவில் இப்போது 1 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பித்தளை கறுத்துப்போகும் இல்லையா, அதனால் யூதர்களின் கடைகளையும் ஜெப ஆலயங்களையும் நொறுக்கி எரித்த 1938 நவம்பர் 9ன் நினைவாகவும், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27 அன்றும், அக்கம்பக்கத்தார் மண்டியிட்டுத் தேய்த்துத் துலக்கி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குனிந்தால்தான் படிக்க முடியும். 'இங்கே வாழ்ந்தார்', பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துக்கொண்டு போன ஆண்டு. அப்புறம் பெரும்பாலான கற்களில் கடைசியாக 'எர்மோர்டெட்' என்று வரும்: கொலை செய்யப்பட்டார்.