கேலிபரேஷன்: செங்கல் அச்சும் கட்டளைக்கல்லும்

வண்ணாரப்பேட்டையில் நண்பரின் கார் பட்டறை. புகைக்குழாயில் புதிதாக ஒரு ஒய்டுபேண்ட் ஆக்சிஜன் சென்சார், லேப்டாப்பில் எஞ்சினைச் சரிசெய்யும் மென்பொருளான டியூனர்ஸ்டுடியோ. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதை டேஷ்போர்டு மீட்டர் 13.0 என்று காட்டுகிறது, லேப்டாப் 13.4 என்கிறது. "கேலிபரேஷன் சரியில்ல அண்ணாச்சி. இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவீங்க?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒரு கருவி சொல்லும் அளவை, சரியென்று உறுதியான ஓர் அளவோடு ஒத்துப்பார்த்து, விலகலைக் கண்டு திருத்துவதுதான் கேலிபரேஷன். இது ரிப்பேர் இல்லை. கருவி நன்றாகவே ஓடலாம், ஆனாலும் பொய் சொல்லலாம்.

சாதாரண ஆக்சிஜன் சென்சார், கலவை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கோட்டுக்கு அந்தப்பக்கமா இந்தப்பக்கமா என்று மட்டுமே சொல்லும். ஒய்டுபேண்ட், எவ்வளவு தள்ளி என்பதையும் சொல்லும். அதன் கன்ட்ரோலர் இதை 0 முதல் 5 வோல்ட்டாக மாற்றி, எஞ்சினை நடத்தும் கணினியான இசியுவுக்கு அனுப்புகிறது. 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20 என்பது போன்ற கணக்கை மென்பொருளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். வேறொன்றின் அட்டவணையைத் தேர்ந்துவிட்டால் திரையில் வருவதெல்லாம் தப்பு, பார்க்க மட்டும் ஒழுங்காக இருக்கும்.

இங்கே அட்டவணை சரியாகத்தான் இருந்தது. கன்ட்ரோலரின் எர்த் ஒயரை வேறிடத்தில் கொடுத்திருந்ததால் 0.2 வோல்ட் கூடிவிட்டது. அந்தக் கணக்கில் அது 0.4. இசியுவின் எர்த் இருக்கும் இடத்துக்கே ஒயரை மாற்றியதும் இரண்டும் ஒன்றாயின. கவனிக்காமல் 13.4 என்று நம்பி பெட்ரோலைக் கூட்டியிருந்தால் வீண்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். கேலிபரேஷனுக்கு வேர் காலிப்ர் என்ற பிரெஞ்சுச் சொல், அதாவது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதற்கு முன் அரபியில் காலிப், அதாவது வார்ப்பு அச்சு. அதற்கும் மூலம், செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் வடிவ மர அச்சைக் குறித்த கிரேக்கச் சொல் என்பார்கள்.

இங்கேதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. தமிழில் கட்டளை என்ற சொல்லுக்கும் அச்சு என்று பொருள் உண்டு. செங்கல் அறுக்கும் அச்சு கட்டளைதான். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல், 505ஆம் குறளிலேயே இருக்கிறது. நம் கோயில்களில் பூசைக்கு வைத்த நிலையான ஏற்பாடும் கட்டளைதான். அச்சிலிருந்து அளவுகோலுக்கு அரபிச் சொல் போன வழியில்தான் நம் சொல்லும் போயிருக்கும் போலத் தோன்றுகிறது.

ஆனால் கணினியில் கட்டளை என்றால் இன்று வேறு பொருள், குழப்பம் வரும். அளவீடு என்று சிலர் எழுதுவது வெறும் அளத்தலைத்தான் குறிக்கும். தரப்படுத்தல் இன்னொரு வேலை. ஆகவே செயலுக்கு அளவுத்திருத்தம், ஒத்துப்பார்க்க வைத்திருக்கும் உறுதியான அளவுக்குக் கட்டளை அளவு. சில பழைய கன்ட்ரோலர்களுக்கு சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றி வெளிக்காற்றில் சூடாக்கி அளவுத்திருத்தம் செய்வார்கள். அங்கே கட்டளை அளவு, காற்றில் இருக்கும் 20.9 விழுக்காடு ஆக்சிஜன்.