இருமலுக்கு எலியின் காதைப் பார்ப்பது ஏன்?

எலிக்கூண்டு வைக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, "பிடிச்சத வச்சு என்ன செய்யப் போறீய?" என்பதுதான். திருநெல்வேலியில் பேட்டை அரிசி ஆலையானாலும் டவுன் பலசரக்குக் கிட்டங்கியானாலும் இதே கேள்வி. "நெஞ்சுல வர்ற சீக்குக்கு எலிட்ட கிருமி இருக்கான்னு பாக்கோம் அண்ணாச்சி" என்று சொல்லி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும்: "அப்பம் அது விடுத மூச்சு நமக்கு ஒட்டிக்கிடுமோ?"

இந்த இரண்டாம் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கால்நடை மருத்துவன். நுண்ணுயிரியல் என் துறை. எலிகளை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போன ஓர் உண்மை: எலியின் நுரையீரலில் குடியிருக்கும் கிருமிகள் பெரும்பாலும் எலிக்குத்தான் தொல்லை. நம் நெஞ்சைப் பிடிக்கிற கிருமியைத் தேட அதன் சிறுநீரகத்துக்கும் காது மடலுக்கும் போக வேண்டும்.

முதலில் நுரையீரலையே பார்த்துவிடுவோம். மாட்டிய எலிகளில் சில மூக்கடைத்து 'கர் கர்' என்று மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் காய்ந்திருக்கும். புதிதாகக் கூட வருகிற மாணவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். ரத்தமில்லை. எலியின் கண்குழிக்குள் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வழியும் நிறமி அது. நல்ல எலி உடனே துடைத்துக்கொள்ளும், நோஞ்சான் எலி அப்படியே விட்டுவிடும். இப்படிப்பட்ட எலியில் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற கிருமியை. ஆராய்ச்சிக்காக எலி வளர்க்கும் கூடங்களுக்கு இது பெரிய தலைவலி. வெளியிலிருந்து ஒரு தெரு எலி உள்ளே புகுந்தால்கூட மொத்த வளர்ப்பும் கெட்டுப்போகலாம். ஆனால் மனிதருக்கு வருகிற 'மைக்கோபிளாஸ்மா நிமோனியே' என்ற கிருமி வேறு வகை. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது. எலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் நிமோனியா உண்டாக்கக்கூடிய கிளெப்சியெல்லா, நிமோகாக்கஸ் வகையறாக் கிருமிகள். இவை எலியின் தொண்டையிலோ குடலிலோ கிடைத்துவிட்டால், எலியால்தான் ஊரில் நிமோனியா என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தக் கிருமிகள் மனிதரிடமும் சாதாரணமாக இருப்பவை. சாக்கடையில் புரளும் பெருச்சாளிக்கு நம் கழிவிலிருந்தே போயிருக்கலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா எலியிடம் இருந்தால், அந்தச் சாக்கடையில் என்ன ஓடுகிறது என்பதற்கான தடயமாகத்தான் நான் முதலில் அதை எடுத்துக்கொள்வேன். எலி நமக்குத் தந்ததா, நாம் எலிக்குத் தந்ததா என்று பிரிக்க, இரண்டு பக்கத்துக் கிருமியின் மரபணுவையும் ஒப்பிட்டாக வேண்டும். அதுவரை பேசாமல் இருப்பது நல்லது.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரிந்த லெப்டோஸ்பைரா, எலியின் சிறுநீரகக் குழாய்களில் மாதக்கணக்கில் தங்கி, மூத்திரத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த எலிக்கு ஒரு குறையும் தெரியாது, கொழுகொழுவென்று இருக்கும். சிறுநீரகத்தை இரண்டாக வகிர்ந்து ஒரு பாதியைக் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனைக்கு எடுத்துக்கொள்வோம், மறுபாதியைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் போடுவோம். வளர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதங்கள்கூட. அதனால்தான் பி.சி.ஆர் இல்லாமல் இப்போது காரியம் நடப்பதில்லை.

எலிக்காய்ச்சல் என்றாலே மஞ்சள் காமாலை, சிறுநீரகம் என்றுதான் நம் ஆட்களுக்கு நினைப்பு ஓடும். நுரையீரலுக்குள் ரத்தம் கசிய வைப்பதும் இதே கிருமிதான். 1980களின் கடைசியில் அந்தமானில் காய்ச்சலும் இருமலில் ரத்தமுமாகச் சிலர் இறந்தார்கள். நோய் இன்னதென்று தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அதை அழைத்தார்கள். 1990களில்தான் அது லெப்டோஸ்பைரா என்று உறுதியானது. காமாலை இல்லாமலும் இந்த ரத்தக்கசிவு வரலாம் என்பதுதான் சங்கடம்.

நம் ஊரில் இதற்கான காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி ஜங்ஷன் பக்கமெல்லாம் புகுந்தது நினைவிருக்கும். வளைகளில் தண்ணீர் ஏறினால் எலி பரணுக்கும் மாடிக்கும் வரும். அதன் மூத்திரம் கலந்த தண்ணீர் தெருவில் நிற்கும். ஈர மண்ணில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலில் பித்தவெடிப்போ சிராய்ப்போ இருந்தால் உள்ளே போக அது போதும். வெறுங்காலோடு சேற்றை அள்ளும் தூய்மைப் பணியாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், அவர்கள் மேல் இல்லை, பூட்ஸ் கொடுக்காமல் வேலைக்கு அனுப்புகிறவர்கள் மேல்.

இனி காது. மயக்க மருந்து கொடுத்த எலியின் காது மடலை மெல்ல மடித்து லென்ஸில் பார்த்தால், உள்மடிப்பில் குங்குமம் சிந்தினாற்போல் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். ஊசி முனையால் தொட்டால் ஒன்றிரண்டு கால் அசைக்கும். உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்பும் பூச்சியின் குஞ்சுகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான். இந்தப் பூச்சி வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் விலங்கைக் கடிக்கும். நோய்க் கிருமியைத் தாய்ப்பூச்சி முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும். எலி அதற்குச் சாப்பாடு, அவ்வளவே. எலி போகும் இடமெல்லாம் பூச்சியும் போகும், ஆனால் அது பெருகுவது புதர் மண்டிய இடத்தில் என்பதால், கிட்டங்கி எலியைவிட ஊர் ஓரத்துக் காலிமனை, உடைமரப் புதர், வாய்க்கால் கரை எலிகளின் காதுகளைத்தான் கவனமாகப் பார்க்கிறோம்.

மனிதரைக் கடித்த இடத்தில் பலருக்கு வலிக்காத, அரிக்காத ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, வேட்டி அல்லது பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று மறைவான இடமாகத் தேடி இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்க்காத மருத்துவருக்குத் தெரியவே தெரியாது. நோய் முற்றினால் நுரையீரல் வீங்கி, மூச்சுக்கு இயந்திரம் வைக்கும் நிலை வரும். இருமலும் காய்ச்சலும் என்று மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தரும் அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும் கட்டுப்படும். இரண்டில் ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட, தீவிர நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தநாளம் வழியாகக் கொடுப்பது மேல் என்று, வேலூர் சி.எம்.சி மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. இதெல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. உங்கள் பங்கு, "எலி நடமாட்டமுள்ள இடத்தில் வேலை பார்க்கிறேன்", "புதர் வெட்டினேன்", "வெள்ளத் தண்ணியில நின்னேன்" என்று அவரிடம் சொல்வது. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, ஆமவடை மூன்றுமே வேலை செய்யும். புதுப் பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம், அதனால் முதலில் ஓரிரு இரவு கதவைத் திறந்தே வைத்துத் தின்னப் பழக்குவோம். நூறு கூண்டு ஓர் இரவு இருந்தால் எத்தனை மாட்டுகிறது என்பதுதான் எங்கள் கணக்கு. ஒரே இடத்தில், மழைக்கு முன்னும் பின்னும், பிசான நெல் அறுவடை முடிந்து வயல் எலி இடம் மாறும்போதும் திரும்பத் திரும்ப வைத்தால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். காய்ச்சல் வந்தபின் ஓடிப்போய் ஒரு நாள் பிடிப்பதில் பிரயோசனம் குறைவு.

"மொத்தமா மருந்து வச்சுக் கொன்னுட்டா தீந்துபோச்சுல்லா" என்பார்கள். கனடாவின் வான்கூவரில் இதைச் சோதித்தார்கள். எலிகளைப் பிடித்துக் கொன்ற தெருக்களில், மீதமிருந்த எலிகளிடம் லெப்டோஸ்பைரா கூடியிருந்ததாக 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கூட்டம் கலைந்ததும் எலிகளுக்குள் நெருக்கமும் சண்டையும் மாறியதுதான் காரணமாயிருக்கும் என்பது அவர்கள் ஊகம். கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரை அங்குல ஓட்டையில் இளம் எலி நுழைந்துவிடும். அதை அடைக்காமல், மூட்டை அட்டியைச் சுவரிலிருந்து தள்ளி மரச்சட்டத்தின் மேல் ஏற்றாமல், சிந்திய அரிசியைக் கூட்டாமல், விஷம் மட்டும் வைப்பது வீண்செலவு.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். செத்த எலிக்கும் அதேதான், கையுறையோடு. எலி செத்து உடம்பு சில்லிட்டதும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடிக் கிளம்பும். பிளேக் பரவுகிற வழி அது. 1994இல் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று நாடே நடுங்கியது பலருக்கு நினைவிருக்கும். இன்றும் எலியைச் சீப்பால் வாரி, விழும் தெள்ளுகளை எண்ணி, ஓர் எலிக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் பிளேக் பரப்பும் வகைத் தெள்ளு இருந்தால் கவனிக்க வேண்டிய இடம் என்று குறித்துக்கொள்கிறோம். அதனால், விஷம் வைக்காத இடத்தில் எலிகள் அடுத்தடுத்து விழுந்து செத்தால் குப்பையில் வீசிவிட்டு மறந்துவிடாதீர்கள். மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே சொல்லுங்கள். ஆள் வரும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகளையும் நாயையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.